அழகுமுத்துவின் இரண்டு கைகள்

ஆனைப்பாறைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் அழகுமுத்து ஒருவனுடைய கைகளைப் பற்றித்தான் அக்கரப்பத்தனை முதல் லிந்துலை வரை பேசிக்கொண்டார்கள். முதலில் வாய் வலிக்க ஏசினார்கள். பிறகு அதே வாயால் புகழ்ந்து தள்ளினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வருஷம்தான். அந்த ஒரு வருஷம் அவன் பட்ட பாட்டைச் சொன்னால் அவன் எப்படிப்பட்ட மனுஷன் என்பது தானாக விளங்கிவிடும்.

ஆள் நல்ல உயரம். லயம் என்கிற வரிசை வீட்டில் தன் ஒற்றையறைக் காம்பராவுக்குள் குனிந்து நுழைவான். வெளியே வரும்போது குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொள்வான். "வாசப்படி வளரலைங்க, நீங்கதான் வளந்துட்டீங்க" என்று அவன் பெண்சாதி வேலாயி தேங்காயெண்ணெய் தடவி விடுவாள். வாரம் முழுக்க மலையில் தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பந்து. ஆனைப்பாறை டீமில் அவன் பேக். கோலுக்கு முன்னால் நின்று, வருகிற பந்தையெல்லாம் உதைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லோரையும் போல வெறுங்கால்தான். அவன் உதைத்தால் பந்து அடுத்த கோல்வரை போய்த்தான் தரையைத் தொடும்.

ஒரு தோல் பந்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் அந்தக் காலத்து மலையில் வாழ்ந்து பார்த்திருக்க வேண்டும். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு நம் ஜனங்களின் பிரஜாவுரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். விடிந்தும் விடியாமல் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்து, கங்காணியிடம் ஏச்சு வாங்கி, மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு வாழ்கிற சனத்துக்கு, நெஞ்சை நிமிர்த்தி "இது நம்மளது" என்று சொல்ல ஒரு சங்கதி வேண்டாமா? தோட்டம் துரையுடையது. டீம் நம்முடையது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனைப்பாறைக்கு ஒரே பகையாளி லிந்துலைப் பக்கத்துக் கல்லாத்துத் தோட்டம். பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள், சாவு வீட்டுக்கு முந்திக்கொண்டு வருவார்கள். பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் இரண்டு தோட்டத்துக்கும் போட்டி. ஒரு வருஷம் இங்கே, மறு வருஷம் அங்கே. ஜெயித்தவர்கள் ஒரு கப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் மாரியம்மன் கோயிலில் வைத்துக்கொள்வார்கள். அது வெள்ளிக்கப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். புளி போட்டுத் தேய்த்த வருஷம் அது பித்தளை என்பது தெரிந்துபோயிற்று. அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆனைப்பாறை டீமுக்குத் தலைவன் வீரய்யா. ஸ்டோரில் தேயிலை அரைக்கிற மெஷினோடு மல்லுக்கட்டுகிறவன். மூக்குக்கு மேல் கோபம். வேலாயியின் கூடப்பிறந்த அண்ணன். அழகுமுத்துவும் அவனும் ஒரே லயத்தில் மூன்று காம்பரா தள்ளித்தான் குடியிருந்தார்கள். மச்சான் மாப்பிள்ளை என்றால் அப்படியொரு ஒட்டு. வேலாயிக்கு முதல் பெண் லெட்சுமி பிறந்தபோது ஸ்டோர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து முதலில் குழந்தையைத் தூக்கியவன் வீரய்யாதான். "மாசி மாசம் காது குத்திருவோம் மாப்ள, எம் மடியிலதான்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டான்.

இனி அந்த மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் தேயிலை. கிழக்குக் கோலுக்குப் பின்னால், சற்றே ஒதுங்கி, முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு சூலம், ஒரு சிவப்புத் துணி, ஒரு அகல். முன்னொரு காலத்தில் பந்து போய் அந்த அகலை உடைத்ததாம். அந்த வாரமே மண் சரிந்து ஆள் ஒருவனுக்குக் கால் போயிற்றாம். அன்றிலிருந்து யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. பந்து வெளியே, முனியாண்டிப் பக்கமாகப் போகிறது என்று தெரிந்தால், யார் கிட்டத்தில் நிற்கிறானோ அவன் கையால் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூலையிலிருந்து எறிந்தால் ஆட்டம் தொடரும். இதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு யாராவது ஆள் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்ன?

ஐம்பத்து நாலாம் வருஷத்துப் போட்டி ஆனைப்பாறையில் நடந்தது. முந்தின வருஷம் விசில் ஊதும் ரெப்ரியாக நின்ற தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று சண்டை வந்திருந்ததால், பொது ஆளாக இஸ்ஸதீன் முதலாளியைக் கூப்பிட்டிருந்தார்கள். லிந்துலை டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர். கண்டியில் படித்த காலத்தில் பந்து ஆடியவர், விதிகள் தெரிந்தவர், யாருக்கும் பயப்படாதவர். நல்ல மனுஷர் என்று இரண்டு தோட்டத்துக்கும் தெரியும். முனியாண்டி வழக்கத்தை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆட்டம் முடிகிற நேரம். ஆளுக்கு ஒரு கோல். கல்லாத்துப் பழனியாண்டி வலது பக்கமாக ஓடிவந்து ஓங்கி ஓர் உதை விட்டான். அவன் உதையென்றால் மலைக்கு மலை கேட்கும். பந்து கோலைவிட்டு விலகி வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. நேராக முனியாண்டிக்கு. கோல் முகத்தில் நின்ற அழகுமுத்துவுக்கு யோசிக்க நேரமில்லை. அவனுடைய கைகளுக்கு யோசனையும் தேவைப்படவில்லை. எம்பிப் பிடித்தான். பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டான். விசில் சத்தம் கேட்டது.

மூலைக்குப் போய் எறியலாம் என்று அவன் பந்தோடு நடக்கத் தொடங்கியபோது, இஸ்ஸதீன் முதலாளி சுண்ணாம்புப் புள்ளியைக் காட்டிக்கொண்டு நின்றார். பெனால்டி.

வீரய்யா பாய்ந்து வந்தான். "மொதலாளி, அது வெளிய போற பந்துங்க! பின்னால சாமி இருக்கு, சாமி மேல படக்கூடாதுன்னு புடிச்சதுங்க!"

"வெளிய போற பந்தென்டாலும் கோட்டுக்குள்ள நின்டு கையால புடிச்சா பெனால்டிதான் தம்பி. இத ஆட்டத்துக்கு முந்தி சொல்லியிருக்கணும். இப்ப நான் மாத்தினா, நாளைக்கு அவங்க கேப்பாங்க."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் இந்தக் கதையின் கஷ்டமே. பழனியாண்டிக்கும் மனசு சரியில்லை. அவன் தோட்டத்திலும் முனியாண்டி உண்டு. ஆனால் பின்னால் அவன் தோட்டமே நின்று கத்துகிறது. முதலில் கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு பந்து எழும்பாமல் தரையோடு உதைத்தான். கோல் விழுந்தது. வலை கட்டாத கோல் என்பதால் பந்து உருண்டுகொண்டே போய் முனியாண்டியின் காலடியில் நின்றது. எது நடக்கக் கூடாது என்று அழகுமுத்து இத்தனையும் செய்தானோ அதுவும் நடந்துவிட்டது.

போகும்போது இஸ்ஸதீன் முதலாளி அவன் தோளைத் தொட்டு, "நீங்க செஞ்சதும் குத்தமில்ல தம்பி, நான் ஊதினதும் குத்தமில்ல" என்றார். அந்த வார்த்தை அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் மச்சான் விடவில்லை. கப்பைக் கல்லாத்துக்காரர்கள் லொறியில் ஏற்றி, தப்படித்துக்கொண்டு போவதைப் பார்த்த வீரய்யா, ஊரார் முன்னிலையில் கத்தினான்.

"எந்தங்கச்சி புருசன்னு பாக்குறேன். அந்தக் கப்பு இந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வர்ற வரைக்கும் உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். முனியாண்டி மேல சத்தியம்!"

கோபத்தில் செய்த சத்தியம்தான். ஆனால் சாமி பேரில் செய்ததாயிற்றே. மாசி வந்தது. காதுகுத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. பெரியவர்கள் வேலாயிக்கு அண்ணன் முறையில் வேறு ஒருவனை உட்கார வைக்கலாம் என்றார்கள். வேலாயி ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "மூணு காம்பரா தள்ளித் தாய்மாமன் உசுரோட இருக்கான். வேற மடியில எம்புள்ள உக்கார மாட்டா. காது மூளியாவே இருந்துட்டுப் போகட்டும்." சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். அழகுமுத்துவுக்கு அந்த அழுகை தாங்கவில்லை. குழந்தையின் வெறுங் காதைப் பார்க்கும்போதெல்லாம் தன் கையை வெட்டிப் போடலாமா என்றிருந்தது அவனுக்கு.

டீமும் உருப்படவில்லை. ஒரு பெனால்டி ஒரு போட்டியைத்தான் தோற்கடிக்கும். அதையே நினைத்துக்கொண்டிருந்தால் மிச்சப் போட்டிகளும் போய்விடும். அழகுமுத்து இனிக் கை எழும்பவே கூடாது என்று கால்சட்டை ஓரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு ஓடினான். அப்படி ஓடினால் யாரால் நிற்க முடியும்? பந்தைவிட அவன்தான் அதிகம் உருண்டான். மற்றவர்கள் பந்தைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்தார்கள். கோலில் நின்ற சின்னத்தம்பி "கை! கை!" என்று கத்திக் கத்தியே பந்தை விட்டான். பக்கத்துத் தோட்டங்களெல்லாம், சும்மா பழகிப் பார்க்க வந்தவர்கள்கூட, ஆனைப்பாறையைத் தோற்கடித்துவிட்டுப் போனார்கள். வேறு யாராக இருந்தாலும் பந்துக்கு ஒரு கும்பிடு போட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். அழகுமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. கூட்டம் சிரிக்கும், அவன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நிற்பான். அந்தத் தைரியத்துக்கே அவனை மெச்ச வேண்டும்.

ஐப்பசியில் சின்னத்தம்பி கினிகத்தேனையில் ஒரு கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கோலுக்கு ஆளில்லை. தண்ணீர் எடுக்கிற பீலிக்கரையில் வீரய்யா முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, குடத்தோடு வந்த வேலாயி அவனை வழிமறித்தாள். பேச்சு வார்த்தை நின்று மாதக்கணக்காகிறது.

"ஏண்ணே, எங்க வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காதுன்னுதானே ஏசுறீங்க? கை சும்மா இருக்கக் கூடாத எடத்துல நிப்பாட்டிப் பாருங்களேன்."

வீரய்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் அந்த ஞாயிறு, யார் முகத்தையும் பார்க்காமல், கிழக்குக் கோலைக் காட்டி, "நிக்கிறவன் போயி நிக்கலாம்" என்றான். அழகுமுத்து போய் நின்றான்.

அன்றைக்கு அந்தக் கோலுக்குள் ஒரு பந்துகூடப் போகவில்லை. மேலே வந்ததை எம்பிப் பிடித்தான், தரையில் வந்ததை விழுந்து பிடித்தான். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. ஊரே வாயைப் பிளந்தது. வேலாயி கேட்டதற்கு அவன் சொன்னான்: "கோலப் பத்தி நான் நெனைக்கிறதே இல்ல புள்ள. எனக்குப் பின்னால சாமி இருக்கு. சாமி மேல பந்து படக்கூடாது. அம்புட்டுத்தான்."

அவன் மேற்குக் கோலில் நின்றால் பாதிப் பந்தை விட்டுவிடுகிறான் என்பதை முதலில் கவனித்தவளும் வேலாயிதான். அங்கே பின்னால் வெறும் தேயிலை. பொங்கல் நெருங்க நெருங்க அழகுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருஷம் போட்டி கல்லாத்தில். "அங்க எனக்குப் பின்னால ஒண்ணுமில்ல வேலாயி" என்றான். கப்பு வராவிட்டால் இன்னொரு மாசியும் போய்விடும், அதுதான் அவன் பயம். வேலாயி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லாத்து மைதானத்தில் அன்றைக்குக் கூட்டம் எள் போட இடமில்லை. மறுபடியும் இஸ்ஸதீன் முதலாளிதான் ரெப்ரி. வந்ததும் வராததுமாக இரண்டு டீமையும் கூப்பிட்டு, "இங்க எங்கயாவது சாமி ஈக்கிதா? இப்பவே சொல்லிருங்க" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இல்லையென்றார்கள்.

அழகுமுத்து கோலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தான். கோலுக்குப் பின்னால், தேயிலையை ஒட்டி, கம்பளியை விரித்து வேலாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் லெட்சுமி.

"ஏய், என்ன இது? பந்து படும், அந்தப் பக்கம் போ!"

"நீங்க புடிச்சா ஏன் படுது?"

அதற்கு மேல் அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும், கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றி, மைதானத்தைச் சுற்றி நடந்து அடுத்த கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கல்லாத்துப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை.

முதல் பாதியிலேயே ஆனைப்பாறை ஒரு கோல் போட்டிருந்தது. அதற்குப் பிறகு கல்லாத்துக்காரர்கள் விடாமல் அடித்தார்கள். பழனியாண்டி மட்டும் எத்தனை உதை விட்டான் என்று யாரும் எண்ணவில்லை. எல்லாவற்றையும் அழகுமுத்து பிடித்தான், குத்தினான், தட்டிவிட்டான். நெற்றியில் புல்லும் மண்ணும் அப்பிக்கிடந்தன.

முடிகிற நேரத்தில் ஒரு பந்தைத் தட்டிவிட்டு அவன் தரையில் கிடந்தான். அது மறுபடி பழனியாண்டியின் காலுக்கே போயிற்று. அவசரத்தில் அவன் உதைத்த உதை கோலைவிட்டு விலகி, வெளியே போயிற்று. விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் கோலுக்குப் பக்கத்தில் நின்ற வீரய்யா பந்து போகிற திசையைப் பார்த்தான். அங்கே அவன் தங்கச்சி. அவள் மடியில் அவன் மருமகள்.

வீரய்யாவின் கை மேலே போயிற்று. பந்து உள்ளங்கையில் பட்டு அவன் காலடியில் விழுந்தது.

விசில் சத்தம் கேட்டபிறகுதான் தான் என்ன செய்தோம் என்பதே அவனுக்குப் புரிந்தது. யாரோடும் வாதாடவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். ஒரு வருஷமாக எந்தத் தப்புக்காகச் சொந்தத் தங்கச்சி வாசலை மிதிக்காமல் இருந்தானோ, அதே தப்பு. இஸ்ஸதீன் முதலாளி அவனைப் பார்த்தார், பின்னால் இருந்த குழந்தையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், சுண்ணாம்புப் புள்ளியைக் காட்டினார்.

டீமில் ஒருவன் வீரய்யாவை ஏசத் தொடங்கினான். இன்னொருவன் தலையில் அடித்துக்கொண்டான். அழகுமுத்து அவர்களை விலக்கிக்கொண்டு போய் மச்சான் முன்னால் குனிந்து நின்றான். திருப்பிக் கொடுக்க அவனிடம் ஒரு வருஷத்து ஏச்சு மிச்சமிருந்தது. அதில் ஒரு சொல்கூட அவன் வாயில் வரவில்லை. பெரிய மனசு என்றால் இதுதான்.

"மச்சான், எந்திரிங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. பந்த நான் பாத்துக்கிறேன்."

போய்க் கோலில் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வேலாயி இருக்கிறாள், குழந்தை இருக்கிறது, அது போதும். பழனியாண்டி வந்தான். போன வருஷம் போல இந்தத் தடவை யாரையும் கும்பிடவில்லை, ஓங்கி உதைத்தான். பந்து மார்பு உயரத்துக்கு வலது பக்கமாக வந்தது. அழகுமுத்து அந்தப் பக்கம் பாய்ந்தான். நெஞ்சோடு அணைத்தபடி விழுந்தவனிடமிருந்து பந்தை வாங்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

அதற்கு மேல் ஆட்டம் இல்லை. முதலில் ஓடிவந்து அவனைத் தூக்கியவன் பழனியாண்டி. இரண்டாவது வீரய்யா. கூட்டத்துக்குள் எங்கிருந்தோ வேலாயி வந்து சேர்ந்தாள். கப்பு லொறியில் ஏறியது. அன்று பொழுது சாய்வதற்குள் வீரய்யா கப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தங்கச்சி வாசப்படியில் வந்து நின்றான். வேலாயி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அழகுமுத்து கோலில் நின்றான். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இந்தியா போவதா இருப்பதா என்று லயத்துக்கு லயம் பேச்சு எழுந்த காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் அங்கேதான் இருந்தான். கிழக்குக் கோலானாலும் மேற்குக் கோலானாலும் அவனுக்கு ஒன்றாகிப் போயிருந்தது. அது எப்படி ஒன்றாயிற்று என்பதற்குக் காதுகுத்து நாளுக்குத் திரும்ப வேண்டும்.

அந்த மாசியில் மாரியம்மன் கோயில் வாசலில் வைத்துக் காது குத்தினார்கள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய லெட்சுமி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஆசாரி ஊசியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கூடியிருந்தவர்கள் அழகுமுத்துவைக் கிண்டி விட்டார்கள். அந்தப் பெனால்டியை எப்படித்தான் பிடித்தாய் என்று கேட்டார்கள்.

"என்னோட தெறமை என்னங்க இருக்கு? பின்னால எம் பொஞ்சாதியும் புள்ளையும் உக்காந்திருந்தாங்க. வுட்டா அவங்க மேல படும். அந்தப் பயத்துல புடிச்சேன்."

வேலாயி சிரித்தேவிட்டாள். "நல்லாருக்கே கத! அண்ணன் கையத் தூக்கினப்பவே எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. பழனியாண்டி அடிக்கிற பந்துக்கு முன்னால பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு உக்காந்திருக்க எனக்கு என்ன புத்தி கெட்டா போச்சு? மொதலாளி புள்ளியக் காட்டுனவொடன கம்பளியச் சுருட்டிக்கிட்டு அந்தாண்ட ஓடிப் போயிட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீரய்யா கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தான். மடியில் இருந்த குழந்தை குலுங்கியது. அழகுமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எனக்குப் பின்னால யாருமே இல்லியா?"

"ஒருத்தரும் இல்ல. தேயிலதான் இருந்துச்சு."

அவன் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டான். அதற்குள் ஆசாரி ஊசியைத் தூக்கி, "புள்ள தலைய யாராவது அசையாமப் புடிங்கப்பா" என்றார். நான்கு பேர் கை நீட்டினார்கள். வீரய்யா அவர்களைத் தள்ளிவிட்டு, "மாப்ள, நீ வா. நீ புடிச்சா அசையாது" என்றான். அழகுமுத்து முன்னால் வந்து குந்தி, மகளின் தலையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டான்.